அரை மணி நேரச் சோதனையும் ஆறு வார மறதியும்

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நேர்மையான மனிதரைப் பொய்யர் என்று நிரூபிக்க என் கையெழுத்து உதவியது. சோதனையை ஒழுங்காகத்தான் செய்தேன். மதிப்பெண்களையும் சரியாகத்தான் போட்டேன். அறிக்கையின் கடைசியில் ஒரே ஒரு வாக்கியத்தைக் கூடுதலாக எழுதினேன். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற நான் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நரம்பியல் உளவியல் படித்துவிட்டு, வலிப்பு நோய்ப் பிரிவுகளில் நினைவாற்றலைச் சோதிக்கும் வேலைக்கு நம் பிள்ளைகள் பலர் இப்போது ஹைதராபாத் வருகிறீர்கள். அமீர்பேட் விடுதியில் அறை எடுத்து, மெட்ரோவில் நசுங்கி, ஞாயிற்றுக்கிழமை என் ஹப்சிகுடா வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே, எந்தச் சோதனையை எப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். அதெல்லாம் கையேட்டில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் இல்லாதது ஒன்று உண்டு. அதை நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்புதான் கற்றுக்கொண்டேன். அதுவும் ஒரு நோயாளியின் மனைவி என் அறைக்கு வந்து என்னிடம் சண்டை போட்ட பிறகு.

அவர் பெயரைப் பாஸ்கரன் என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தேழு வயது. சிவகங்கைப் பக்கத்துக்காரர். இங்கே மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக அளவுப் பரிசோதகர். தயாரான உதிரிப் பாகத்தை மைக்ரோமீட்டரில் பிடித்து அளந்து, சரி என்றோ தள்ளுபடி என்றோ முத்திரை குத்துவது அவர் வேலை. அந்த வருடத் தொடக்கத்தில் வெளியூரில் ஒரு வாரம் நடந்த, இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு அவரும் குழுவோடு போயிருந்தார். அங்கே ஒரு பாகத்தின் அளவு இம்மியளவு கூடுதலாக இருந்தது. "பரவால்ல, ஓடும், மாட்டுங்க" என்று கூட்டத்தில் வாய்மொழியாக ஒப்புதல் கொடுத்தார். அந்தப் பாகம் பிறகு உடைந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

இரண்டு மாதம் கழித்து விசாரித்தபோது பாஸ்கரன் சொன்ன பதில்தான் எல்லோரையும் கொதிக்க வைத்தது. "நான் ஒப்புதல் கொடுக்கல. அந்த ஊருக்கே நான் போகல." ஆறு பேர் சாட்சி இருந்தார்கள். குழுவாக எடுத்த புகைப்படத்தில் நட்டநடுவில் தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று இதைத்தானே சொல்வார்கள்? ஒப்புதலில் தவறியதற்கு ஒரு கண்டனக் கடிதத்தோடு விட்டிருப்பார்கள். பொய் வாக்குமூலம் என்றால் வேலையே போகும். வீட்டிலும் பலதை மறந்துவிடுகிறார் என்று அவர் மனைவி எழுதிக் கொடுத்ததால், நிறுவனம் அவரை எங்கள் மருத்துவமனைக்கு அனுப்பியது. "இவருக்கு நினைவாற்றல் குறை உண்டா, இல்லையா?" என்று கடிதத்தில் ஒற்றை வரிக் கேள்வி.

எங்கள் துறைத் தலைவர் அவரைப் பரிசோதித்தார். முப்பது வயதில் இரண்டு தடவை வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். சில வருடம் மாத்திரை சாப்பிட்டு, சரியாகிவிட்டது என்று தானே நிறுத்திவிட்டார். இப்போது விழுவதில்லை. எப்போதாவது வயிற்றிலிருந்து ஏதோ நெஞ்சுக்கு ஏறுவதுபோல் இருக்கும், அது வாயு என்றார். பகலில் எடுத்த மூளை மின்பதிவு சுத்தமாக இருந்தது. நினைவாற்றலைச் சோதிக்க என்னிடம் அனுப்பினார்கள்.

அன்றைக்கு வராந்தாவில் நாற்காலி காலியாக இல்லை. கூட வந்த மனைவி மல்லிகா காலில் வீக்கத்தோடு நின்றுகொண்டிருந்தார். சோதனை அறைக்குள் உறவினர் இருக்கக் கூடாது என்பது விதி. போனால் போகிறது என்று, பேசவே கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு மூலையில் உட்கார வைத்தேன். என் முப்பது வருட வேலையில் நான் மீறிய விதிகளில் உருப்படியான பலன் தந்தது அது ஒன்றுதான்.

உள்ளே வந்த பாஸ்கரன் சுவரைப் பார்த்துவிட்டு, "கடிகாரம் அஞ்சு நிமிசம் பின்னாடி ஓடுது மேடம்" என்றார். அளப்பவர் கண் அப்படித்தான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டேன்.

ஒரு கதையைப் படித்துக்காட்டி, உடனே திருப்பிச் சொல்லச் சொல்வோம். அரை மணி நேரம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் மறுபடி கேட்போம். ஆங்கிலக் கதைகளை மொழிபெயர்த்தால் நம்மவர்களுக்கு ஒட்டாது என்பதால், தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் கதைகளை நாங்களே எழுதி வைத்திருந்தோம். அன்றைய கதை இது: சனத்நகர் பட்டறையில் வேலை பார்க்கும் சரோஜா, மழை நாளில் டிபன் பாக்ஸைப் பேருந்தில் விட்டுவிட்டு இறங்கிவிடுகிறாள். உள்ளே எலுமிச்சைச் சாதம். மறுநாள் நடத்துநர் பாக்ஸைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிறார். திறந்து பார்த்தால் இரண்டு கொய்யாப்பழம்.

பாஸ்கரன் பிரமாதமாகச் சொன்னார். அரை மணி நேரம் கழித்தும் ஒரு விவரம்தான் விட்டுப்போனது. சொற்பட்டியல், படங்கள் எல்லாவற்றிலும் அவர் வயதுக்காரர்களைவிட நல்ல மதிப்பெண்.

அதற்கு முந்தின வாரம்தான் ஒருவர், வழக்கிலிருந்து தப்பிக்கத் தன் பெயரே மறந்துவிட்டதாக என் முன்னால் நடித்துக் கையும் களவுமாக மாட்டியிருந்தார். நடிப்பவர்களைக் கண்டுபிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தோடு பாஸ்கரன் அறிக்கையை எழுதினேன். "நினைவாற்றல் சோதனை முடிவுகள் இயல்பானவை." இத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். "இவருக்கு இருப்பதாகக் கூறப்படும் மறதிக்கு மூளை சார்ந்த காரணம் எதுவும் இல்லை" என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றிரவு நன்றாகவே தூங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை மல்லிகா தனியாக வந்தார். என் அறிக்கையின் நகல் கையில் இருந்தது. கடைசி வாக்கியத்துக்குக் கீழே விசாரணை அதிகாரி சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

"நீங்க எழுதுன இந்த ஒத்த வரிய வச்சுத்தான் மேடம் இவுக பொய்யின்னு முடிவு பண்ணப் போறாக. அடுத்த வாரம் கழிச்சு திங்கக்கிழமை கடைசி விசாரணை."

சோதனை முடிவு அப்படித்தான் வந்தது என்று சொன்னேன். இந்த மாதிரி நேரத்தில் நமக்கென்று ஒரு குரல் இருக்கும். மென்மையாக இருக்கும், ஆனால் கதவைச் சாத்தும். அந்தக் குரலில்தான் சொன்னேன்.

மல்லிகா எழுந்திருக்கவில்லை. "ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுங்க. பொய் சொல்றவுக ஆபீசுல சொல்லுவாக. வீட்ல, எங்கிட்ட, எதுக்குச் சொல்லணும்? எங்க மாமியா செத்து எட்டு மாசம் ஆகுது. இவுகதான் மொட்டை போட்டாக, இவுகதான் கொள்ளி வச்சாக. போன மாசம் போட்டோவுக்கு மாலை போடையில எங்கிட்ட வந்து மெதுவா கேக்குறாக, 'ஆத்தாளுக்கு யாரு கொள்ளி வச்சா?'ன்னு. பெத்தவளுக்குக் கொள்ளி வச்சத மறந்துட்டேன்னு எவனாச்சும் பொய் சொல்லுவானா மேடம்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, உள்ளே எங்கோ பயம் பிடித்துக்கொண்டது.

"அன்னைக்கு நான் இங்கனதான உக்காந்திருந்தேன்? நீங்க ஒரு கதை சொன்னீக. சரோஜான்னு ஒரு பொம்பள, டிபன் பாக்ஸ பஸ்ல விட்டுட்டா. எலுமிச்சம்பழச் சோறு. கண்டக்டரு கழுவிக் கொடுத்தாரு. உள்ள ரெண்டு கொய்யாப்பழம் இருந்துச்சு. சும்மா காதுல விழுந்த எனக்கே ஞாபகம் இருக்கு. அவுக ரெண்டு தடவ திருப்பிச் சொன்னாகள்ல? இப்ப அவுகளக் கேட்டுப் பாருங்க. கதையக் கேக்க வேணாம். இந்த ரூமுக்கு வந்தீகளான்னு மட்டும் கேளுங்க."

எனக்குத் தெரியாமலே ஆறு வாரமாக ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

இட்லிக்கு மாவு அரைத்து வைத்த அரை மணி நேரத்தில் திறந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். புளித்ததா இல்லையா என்பது காலையில்தான் தெரியும். நினைவும் அப்படித்தான். கேட்டதைப் பார்த்ததை முதலில் பிடித்து வைப்பது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஆழத்தில் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி. பிறகு நாள் கணக்கில், முக்கியமாகத் தூக்கத்தில், அது மூளையின் மற்றப் பகுதிகளோடு திரும்பத் திரும்பப் பேசி, அந்த நினைவை அங்கங்கே ஊன்றி நிலைக்கச் செய்கிறது. நினைவு என்பது ஒரு பெட்டியில் கிடக்கும் பொருள் இல்லை, பல இடங்கள் சேர்ந்த வலைப்பின்னல். வலிப்பு அந்தப் பேச்சின் நடுவே புகுந்தால், பிடித்தது நிலைக்காமல் போகும். பகலில் எந்தக் குறையும் தெரியாது. அரை மணி நேரச் சோதனையில் முதல் வகுப்பில் தேறுவார்கள். வாரங்களில் கரைந்துவிடும். இதைப் பற்றி நான் படித்திருந்தேன். கருத்தரங்கில் கை தட்டியும் இருந்தேன். என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தபோது அடையாளம் தெரியவில்லை.

"நாளைக்குக் காலைல அவரைக் கூட்டிட்டு வாங்க. கதையப் பத்தி வீட்ல ஒரு வார்த்தை பேசாதீங்க" என்றேன்.

மறுநாள் பாஸ்கரன் வந்தார். வாசலில் நின்று, "வணக்கம் மேடம், நான் பாஸ்கரன். எங்க உக்காரணும்?" என்றார். உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். "கடிகாரம் அஞ்சு நிமிசம் பின்னாடி ஓடுது மேடம்" என்றார். அதே வார்த்தைகள், அதே சிரிப்பு. எனக்குக் கை ஜில்லென்று ஆகிவிட்டது. மூலையில் இருந்த மல்லிகா தலையைக் குனிந்துகொண்டார்.

ஆனால் கை ஜில்லிட்டதை அறிக்கையில் எழுத முடியாது. வேலை போகும் நிலையில் இருப்பவர் இப்போது மறந்ததாக நடிக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். அதனால் அந்தக் கதையிலிருந்து ஜோடி ஜோடியாகக் கேள்வி தயாரித்தேன். எலுமிச்சைச் சாதமா, தயிர்ச் சாதமா? கொய்யாவா, மாதுளையா? தெரியாவிட்டாலும் காகிதத்தில் ஏதாவது ஒன்றைக் குறித்தே ஆக வேண்டும். உண்மையாகவே தெரியாதவர் பூவா தலையா போட்டதுபோல் ஏறக்குறையப் பாதியைச் சரியாகச் சொல்வார். நடிப்பவருக்குச் சரியான விடை தெரியும், அதைத் தவிர்த்துத் தவிர்த்துப் பாதிக்கும் மிகக் கீழே போய் மாட்டிக்கொள்வார். பாஸ்கரனுக்குச் சரியாகப் பாதி வந்தது. மல்லிகாவைத் தனியே கேட்டேன், கிட்டத்தட்ட எல்லாமே சரி. நடுவில் ஒரு இடத்தில் பாஸ்கரன் பேனாவை வைத்துவிட்டு, "இதெல்லாம் நான் கேட்ட கதையா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப ஆபீசுல அவங்க சொல்றதும் நெசமாத்தான் இருக்குமோ?" என்றார்.

பாவம், அதுவரை ஆறு பேரும் சேர்ந்து தன்மேல் பழி போடுகிறார்கள் என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

துறைத் தலைவரிடம் போனேன். அவர் ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கூர்மையான மருத்துவர், சச்சரவு என்றால் பத்தடி தள்ளி நிற்பவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பழைய அறிக்கையைத் திரும்பப் பெறப்போகிறேன் என்றதும் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"நக்கோ மேடம், நக்கோ. கைக்கு இவ்வளவு டென்ஷன்?" என்றார். வேண்டாம், எதற்கு இவ்வளவு டென்ஷன் என்பதை ஹைதராபாத் உருதுவில் அப்படித்தான் சொல்வார்கள். அதற்குமேல் தெலுங்கும் உருதுவும் இங்கிலீஷும் கலந்து அவர் பேசியதை என் தமிழில் சொல்கிறேன். "புதிய சோதனை செய்தோம், புதிய தகவல் கிடைத்தது என்று ஒரு துணை அறிக்கை எழுதுங்கள். பழையதைத் தொடாதீர்கள். நான் தப்பு செய்தேன் என்று நீங்களே எழுதினால், உங்கள் இரண்டாவது அறிக்கையை மட்டும் எவன் நம்புவான்? கெட்டுப்போவது அந்த மனிதர்தான்."

சும்மா சொல்லக் கூடாது, அது கோழைத்தனமான யோசனை இல்லை. நியாயமான கேள்வி. ஒரு மணி நேரம் என் அறையில் உட்கார்ந்து அதையே யோசித்தேன். துணை அறிக்கை எழுதினால் என் பெயர் தப்பிக்கும். சிவப்புக் கோடு போட்ட வரியும் அப்படியே நிற்கும். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரி, தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார். அந்த வரியை அடிக்க வேண்டுமானால் எழுதிய கைதான் அடிக்க வேண்டும். வேறு யாராலும் முடியாது.

திரும்பப் போய், "சார், அந்த வரிய நான் வாபஸ் வாங்குறேன். விசாரணைக்கும் நேர்ல போறேன். எனக்கு உங்ககிட்ட ஒரு உதவிதான் வேணும். அவர் தூங்கும்போது மின்பதிவு எடுக்கணும், வர்ற திங்களுக்குள்ள" என்றேன். அந்தப் படுக்கைக்கு எப்போதும் வரிசை உண்டு. அவர் போனை எடுத்து, தன் சொந்த நோயாளி ஒருவரின் முறையை இரண்டு நாள் தள்ளி வைத்தார். "வாபஸ் வாங்குவதென்றால் முதல் வரியிலேயே வாங்குங்கள். நான்காம் பக்கத்தில் ஒளிக்காதீர்கள்" என்றார். அவரிடம் நான் பெற்றுக்கொண்டதில் இன்றும் கையில் இருப்பது அந்த வார்த்தைதான். உங்களுக்கும் அதையே தருகிறேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாஸ்கரன் தலையில் ஒயர்களோடு படுத்திருந்தார். பதிவைத் திங்களன்று பார்த்தோம். விழித்திருக்கும்போது ஒன்றுமில்லை. தூங்கியதும் இடது நெற்றிப்பொட்டுப் பக்கம் வலிப்புப் பொறிகள் மீண்டும் மீண்டும் வந்தன. சில சமயம் வலப்பக்கமும். ஞாயிறு பின்னிரவுத் தூக்கத்தில் ஒரு முழு வலிப்பே வந்திருந்தது. வீடியோவில் பார்த்தால் உதட்டை இரண்டு தடவை சப்புக்கொட்டிவிட்டுப் புரண்டு படுக்கிறார், அவ்வளவுதான். மல்லிகா திரையைப் பார்த்துவிட்டு, "கனவுல ஏதோ திங்கிறாகன்னு நெனச்சு பத்து வருசமா சிரிச்சுக்கிட்டிருக்கேன் மேடம்" என்று அழுதார். அன்றைக்கே மாத்திரை தொடங்கினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை விசாரணை. என் அறிக்கையின் முதல் வரி இதுதான்: "நான் முன்பு அளித்த அறிக்கையின் கடைசி வாக்கியம் தவறானது, அதைத் திரும்பப் பெறுகிறேன்." விசாரணை அதிகாரி ஓய்வு பெற்ற உயரதிகாரி. இரண்டு காகிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் பயந்தபடியே கேட்டார்.

"இரண்டிலும் கையெழுத்துப் போட்டது நீங்கள்தான். எதை நம்புவது?"

"இரண்டையும் நம்பலாம் சார். முதல் அறிக்கையில் இருக்கிற மதிப்பெண் எல்லாம் சரி. அரை மணி நேரம் வரைக்கும் இவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். உங்க கூட்டத்தில் ஒப்புதல் கொடுத்ததும் அன்றைக்கு ஞாபகம் இருந்திருக்கும். அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்று நான் சோதிக்கவில்லை. சோதிக்காததைப் பற்றி ஒரு வரி எழுதினேன். தப்பு அந்த வரியில்தான், இவரிடம் இல்லை."

"அப்படியானால் உங்கள்மேல்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்றார்.

"எடுங்கள் சார். அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு எடுங்கள்" என்றேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அன்றைக்கு எனக்குக் குரல் நடுங்கவில்லை. மருத்துவமனை நிர்வாகம் பிறகு என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தது. அதே முதல் வரியையே விளக்கமாக எழுதிக் கொடுத்தேன்.

பாஸ்கரனிடமும் கேட்டார்கள். அவர் எழுந்து நின்று, "நான் அங்க போனது எனக்கு ஞாபகம் இல்லை சார். போனேன்னு இப்ப நம்புறேன். ஒப்புதல் கொடுத்திருந்தா அது என் தப்புதான்" என்றார். எதிரே சாட்சிகளாக உட்கார்ந்திருந்த ஆறு பேரில் ஒருவர் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொய் வாக்குமூலக் குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். வேலை தப்பியது. முத்திரை குத்தும் பொறுப்பிலிருந்து மட்டும் அவரை மாற்றி, அளவுக் கருவிகளைச் சரிபார்த்து வைக்கும் பிரிவில் போட்டார்கள். அதில் அவருக்கு வருத்தம்தான். வலிப்பு நிற்கும்வரை ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது என்றதில் இன்னும் வருத்தம். சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினார். எழுதாமல் விட்டதை மல்லிகா சொன்னார். சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, போன வருசம் இன்னது நடந்தது, மகளை இந்தக் கல்லூரியில் சேர்த்தோம், என் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நீங்கள்தான் பந்தி பரிமாறினீர்கள் என்று வரிசையாகச் சொல்வாராம். அவரும் அடுத்த வீட்டுக்காரர் கதையைக் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பாராம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து தெலுங்கில் விடுபட்டதைச் சேர்ப்பாளாம். "நானே சொல்லி, நானே கேட்டுக்கிட்ட மாதிரி இருக்கு மேடம்" என்றார் மல்லிகா ஒரு நாள். அதில் புகார் இல்லை, அலுப்பு இருந்தது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாத்திரை வேலை செய்தால், புதிதாக நடப்பது நிலைக்கத் தொடங்கலாம். கரைந்து போனது திரும்பாது. குடும்பத்தினர் கண்ணைப் பார்த்து இதைச் சொல்ல வேண்டியது பெரும்பாலும் நீங்கள்தான், ஏனென்றால் மருத்துவருக்கு நேரம் இருக்காது. நான் சொன்னேன். மல்லிகா தலையாட்டினார். "கொள்ளி வச்சதுமா?" என்றார். "அதுவும்தான்" என்றேன்.

ஐந்து மாதம் கழித்து மறுசோதனை. தூக்கப் பதிவில் பொறிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. புதிய கதை ஒன்றை எடுத்தேன். இந்தத் தடவை மல்லிகாவை உள்ளே விட முடியாது என்று சொல்வதற்கு முன்பே, "நான் வெளியவே இருக்கேன் மேடம். என் காதுல விழுந்தா வீட்ல வாய் தவறிச் சொல்லிருவேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார். கதையைச் சொன்னேன். அரை மணி நேரத்தில் நன்றாகத் திருப்பிச் சொன்னார். அது எனக்கு எதையும் சொல்லவில்லை. நான்கு வாரம் கழித்து வரச் சொன்னேன். இந்தக் கதையைக் குறிப்பேட்டில் எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அந்த நான்கு வாரமும் எனக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். தேர்வு நோயாளிக்கு, நாட்காட்டியில் நாளை எண்ணியது நான்.

வந்தார்கள். முதலில் மல்லிகா, பின்னால் அவர். வாசலைத் தாண்டியதும் சுவரைப் பார்த்தார்.

"என்ன மேடம், இன்னுமா இதச் சரி பண்ணல?" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். சோதனை விதிகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. "பாஸ்கரன், போன தடவை நான் ஒரு கதை சொன்னேனே" என்று மட்டும் கேட்டேன். மல்லிகா வெளியே போகக் கிளம்பினார், கையமர்த்தி உட்காரச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மனைவி பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "ஒரு டெய்லரு. ஹப்சிகுடால கடை. யூசுப்னு பேரு. கல்யாண சீசன், கடை பூரா துணி. அவசரத்துல மாப்பிள்ளையோட ஷெர்வானிய பேண்டு மாஸ்டர்கிட்ட கொடுத்துட்டாரு. பேண்டு மாஸ்டரோட செவப்புக் கோட்ட மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிட்டாரு. பித்தளைப் பொத்தான் வச்ச கோட்டு. ஊர்வலம் கெளம்புற நேரம். குதிரை வாசல்ல நிக்குது. மாப்பிள்ளை பெட்டியத் திறக்குறாரு..."

பித்தளைப் பொத்தானையும் விடாமல் பெட்டிவரை வந்துவிட்டார். எங்கள் கதை அங்கே முடிந்துவிடும். சோதனைக் கதைகளுக்கு முடிவு கிடையாது, அளவு மட்டும்தான் உண்டு. அவர் நிறுத்தினார்.

மல்லிகா கன்னத்தில் கையை வைத்து, முதல் தடவை கேட்கும் கதையைக் கேட்பதுபோல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது முதல் தடவைதானே. அரை வருடமாக அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் அவர் ஒருவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?" என்றார் மல்லிகா.